டெக்சாஸில் துடித்த பிளாஸ்மா

கணித மாதிரி எழுதுவது எப்படி என்று உங்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். சமன்பாட்டை எப்படித் துண்டு போடுவது, கணினியில் எப்படி வேகமாக ஓட்டுவது, படத்தை எந்த நிறத்தில் போட்டால் மேலதிகாரிக்குப் பிடிக்கும் என்பதையெல்லாம் நீங்களே சீக்கிரம் கற்றுக்கொண்டுவிடுவீர்கள். நான் பேச வந்தது வேறு. உங்கள் கணக்கு ஒன்றைச் சொல்கிறது. நீங்கள் மதிக்கும் ஒருவர் நேர்மாறாகச் சொல்கிறார். வாடிக்கையாளர் எதிரில் உட்கார்ந்து உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்போது என்ன செய்வது? எனக்கு அப்படி ஒரு வாரம் வாய்த்தது. அதைச் சொல்கிறேன்.

நான் நாகர்கோவில்காரி. நியூ ஜெர்சியில் பிளாஸ்மா இயற்பியலில் ஆய்வுப் பட்டம் வாங்கினேன். அங்கே நான் கணக்குப் போட்ட பிளாஸ்மா சூரியனுக்குள் இருப்பதைப் போன்றது. யாரும் தொட முடியாது, என் விடை தப்பானாலும் யாருக்கும் நஷ்டமில்லை. வேலை கிடைத்ததோ சான் ஹோசேயில், சிப் தயாரிக்கும் இயந்திரங்களைச் செய்யும் நிறுவனத்தில். அங்கே பிளாஸ்மா ஒரு பிரியாணி அண்டா அளவு உலோக அறைக்குள் அடங்கிவிடும். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, வேறு வாயுவைக் கொஞ்சமாக உள்ளே விடுவோம். மேலே சுற்றியிருக்கும் கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் வாயு ஊதாவாக ஒளிரத் தொடங்கும். அந்த ஒளிர்வுதான் பிளாஸ்மா. கீழே வைத்திருக்கும் சிலிக்கன் தட்டில், அதாவது வேஃபரில், மயிரிழையைவிட மிக மெல்லிய பள்ளங்களை அது அரித்தெடுக்கும். பள்ளம் எல்லா இடத்திலும் ஒரே ஆழமாக இருந்தால் சிப். இல்லாவிட்டால் குப்பை.

மின்சாரம் தரும் ஜெனரேட்டருக்கும் இந்த அறைக்கும் நடுவில் ஒரு பெட்டி உண்டு. மேட்ச் பாக்ஸ் என்போம். அனுப்பிய மின்திறன் முழுவதும் பிளாஸ்மாவுக்குள் போகிறதா, கொஞ்சம் முட்டித் திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். திரும்பி வருவதைப் பூஜ்யமாக்கத் தன்னைத் தானே மாற்றிக்கொள்ளும். பழைய பெட்டிகளில் மோட்டார் இருந்தது, நிதானமாகத் திரும்பும். சிவக்குமார் வடிவமைத்த புதிய பெட்டியில் மோட்டாரே இல்லை, எல்லாம் எலக்ட்ரானிக்ஸ். நீங்கள் கண் சிமிட்டி முடிப்பதற்குள் அது பலமுறை தன்னைச் சரிசெய்திருக்கும்.

சிவா பொள்ளாச்சிக்காரர். மின்திறன் குழுவுக்குத் தலைவர். எங்கள் இரண்டு வீடுகளும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில். அவர் மனைவி செய்யும் கொள்ளு ரசத்துக்காகவே நான் பல சனிக்கிழமைகள் அவர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். அந்தப் பெட்டி அவருடைய பல வருட உழைப்பு. அவருக்கு கிரீன் கார்டு இன்னும் வரவில்லை என்பதும் எனக்குத் தெரியும். வரிசையில் நின்றுகொண்டே தலை நரைத்தவர். வேலை போனால் வேறு வேலை தேடுவதற்குக் கொஞ்சம் அவகாசம் தருவார்கள். கிடைக்காவிட்டால் குடும்பத்தோடு கிளம்ப வேண்டியதுதான்.

ஒரு திங்கட்கிழமை காலை டெக்சாஸிலிருந்து புகார் வந்தது. டாலஸுக்கு அருகே ஒரு சிப் தொழிற்சாலை எங்கள் புதிய இயந்திரங்களை வாங்கியிருந்தது. சிவாவின் பெட்டி பொருத்தியவை. ஒரு குறிப்பிட்ட வாயுவை வைத்து ஓட்டும்போது பள்ளங்கள் ஒரே ஆழத்தில் வரவில்லை. ஒளியை அளக்கும் கருவியை வைத்துப் பார்த்ததில், பிளாஸ்மா நிலையாக எரியாமல் துடித்துக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத வேகம், ஆனால் துடிப்பு துடிப்புதான். இரண்டு இயந்திரங்களை நிறுத்திவிட்டார்கள். அடுத்து வாங்கவிருந்தவற்றையும் நிறுத்தப்போவதாகச் சொன்னார்கள்.

எங்கள் துணைத் தலைவர் டேவ் எல்லாரையும் கூட்டினார். அறை வடிவமைப்புக் குழு தங்கள் மாடலைக் காட்டியது (கணித மாதிரியை எல்லாரையும்போல மாடல் என்றே சொல்லிவிடுகிறேன்). அதில் மின்திறன் மாறாத ஒன்று. பிளாஸ்மா அமைதியாக எரிந்தது. சிவாவின் குழு தங்கள் மாடலைக் காட்டியது. அதில் பிளாஸ்மா மாறாத ஒன்று. பெட்டி ஒரு நொடியில் சரியான இடத்தைக் கண்டுபிடித்து அங்கேயே நின்றது. இரண்டு குழுவும் தங்கள் பக்கம் தவறில்லை என்று நிரூபித்துவிட்டன. டெக்சாஸில் மட்டும் பிளாஸ்மா துடித்துக்கொண்டிருந்தது.

கடைசியில் டேவ் முடிவு செய்தார். பெட்டியை இன்னும் வேகமாக்குவோம். துடிப்பு எழும்போதே அது பிடித்து அமுக்கிவிடும். சிவாவின் குழு அதற்கான மென்பொருளை அந்த வாரமே முடித்து டெக்சாஸுக்கு எடுத்துப்போக வேண்டும். வாடிக்கையாளருக்குக் காட்ட நல்லதாக ஓர் அசைபடம் தயாரிக்கச் சொன்னார் என்னிடம். பிளாஸ்மாவை வண்ண வண்ணமாகக் காட்டும் படம்.

நான் படம் செய்யவில்லை. இரண்டு மாடல்களையும் ஒன்றாகச் சேர்த்து ஓட்டினேன். பிளாஸ்மா மாறினால் பெட்டி மாற வேண்டும், பெட்டி மாறினால் பிளாஸ்மா மாற வேண்டும். நியாயமாக அப்படித்தானே இருக்க வேண்டும்? சேர்த்ததும் திரையில் துடிப்பு வந்துவிட்டது.

காரணம் இதுதான். அந்த வாயுவின் மூலக்கூறுகளுக்கு எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணம் உண்டு. பிடித்ததும் அவை கனமான நெகட்டிவ் அயனிகள் ஆகிவிடும். அவை மெல்ல மெல்லச் சேரும், எலக்ட்ரான்கள் குறையும். ஒரு கட்டத்தில் எல்லாம் சட்டென்று நிலைமாறி, பிறகு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே விட்டிருந்தால் சிறியதாகவே இருந்திருக்கும். ஆனால் வேகமான பெட்டி ஒவ்வோர் ஏற்றத்துக்கும் ஓடிவந்து பதில் சொன்னது, அதுவும் சற்றே தாமதமாக. தாமதமாக வந்த பதில் அடுத்த ஏற்றத்தைத் தூக்கிவிட்டது. பெட்டியை இன்னும் வேகமாக்கிப் பார்த்தேன். துடிப்பு பெரிதானது.

இதை எடுத்துக்கொண்டு நேரே டேவிடம் போயிருக்கலாம். நான் சிவாவிடம் போனேன். இது என் முதல் அறிவுரை: ஒருவருடைய வேலையைப் பற்றி உங்கள் கணக்கு மோசமான சேதி சொன்னால், அதை அவர்தான் முதலில் கேட்க வேண்டும். மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. உங்கள் கணக்கில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று அவரைவிட ஆசையாகத் தேடப்போகிறவர் யாரும் இல்லை.

அவர் கேன்டீனில் டப்பாவைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சிவா, ரெண்டு மாடலையும் கப்பிள் பண்ணி ரன் பண்ணிட்டேன்."

"சொல்லுங்க."

"நீங்க பண்ணிட்டிருக்கிற ஃபாஸ்ட் வெர்ஷன் போட்டா இன்னும் மோசமாகும்னு வருது."

ஸ்பூனைக் கீழே வைத்தார். "அதென்னங்க எஸ்தர், டீம் முழுக்க உக்காந்து எழுதிட்டிருக்கும்போது வந்து சொல்றீங்க?"

"இன்னிக்குக் காலைலதான் ரிசல்ட் வந்துச்சு."

லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு ஓர் எண்ணின் மேல் விரலை வைத்தார். "இந்த நெகட்டிவ் அயனி சுவர்ல போய் அழியிற ரேட். இத எங்கிருந்து எடுத்தீங்க?"

"ஒரு பழைய பேப்பர்லருந்து. நம்ம சேம்பர்ல யாரும் மெஷர் பண்ணது இல்ல."

"அப்ப இது ஒரு திருகு. நான் இத இந்தப் பக்கம் திருகினா என் பாக்ஸ் நல்ல பாக்ஸ் ஆயிருமா?"

திருகிப் பார்த்தோம். ஆகிவிட்டது. துடிப்பு அடங்கி, அவருடைய வேகமான பெட்டி வெற்றி பெற்றது.

"பாத்தீங்களா? உங்களுக்கு வேணும்ங்கிற பதில் வர்ற வரைக்கும் திருகலாம். எனக்கு வேணும்ங்கிற பதிலும் வரும்." குரலைத் தாழ்த்தினார். "இந்த பாக்ஸ் ஊத்திக்கிச்சுன்னா டீமை மூடிருவாங்க. நான் சாமானக் கட்டணும். பொண்ணு லெவன்த் படிக்கிறா. இத்தனையும் ஒரு திருகை நம்பியா?"

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் வந்த கோபம். அந்த எண் எனக்குத் தெரியாது. சுவரில் படியும் படிவைப் பொறுத்து அது மாறும். நாளுக்கு நாள் மாறும். அதை வைத்துக்கொண்டு அவருடைய பெட்டி கெட்டது என்று என்னால் சொல்ல முடியாது.

உங்களில் பலர் இந்த இடத்தில் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்த எண்ணை இன்னும் துல்லியமாகக் கண்டுபிடிக்க உட்கார்ந்துவிடுவீர்கள். மாதக்கணக்கில் ஆகும். என்னிடம் ஒரு வாரம்கூட இல்லை. அதனால் நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். அந்தத் திருகை எங்கே வைத்தாலும் மாறாத ஒன்று இந்த மாடலில் இருக்கிறதா?

இரண்டு நாள் தேடியதில் ஒன்று கிடைத்தது. பெட்டி எப்போதும் திரும்பி வரும் மின்திறனைப் பூஜ்யமாக்கப் பார்க்கிறது. அந்தப் பூஜ்யத்திலிருந்து வேண்டுமென்றே ஒரு பக்கம் கொஞ்சம் விலக்கி வைத்தால், எலக்ட்ரான்கள் கூடும்போது உள்ளே போகும் மின்திறன் தானாகக் குறையும். பிரேக் போட்டதுபோல. அதற்கு எதிர்ப்பக்கம் விலக்கினால், எலக்ட்ரான் கூடக்கூட மின்திறனும் கூடும். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததுபோல. எவ்வளவு விலக்க வேண்டும் என்பது திருகுக்குத் திருகு மாறியது. எந்தப் பக்கம் பிரேக், எந்தப் பக்கம் ஆக்ஸிலரேட்டர் என்பது மட்டும் எங்கே திருகினாலும் மாறவில்லை.

மறுநாள் கூட்டத்தில் இதைச் சொன்னேன். புதிய மென்பொருளைப் போடுவதற்கு முன்னால் டெக்சாஸில் ஒரு பிற்பகல் மட்டும் எனக்கு வேண்டும் என்று கேட்டேன். டேவ் ஆங்கிலத்தில் கேட்டார், "எவ்வளவு உறுதியாகச் சொல்கிறாய்?"

"எந்தப் பகுதியைக் கேட்கிறீர்கள்?" என்றேன். "எந்தப் பக்கம் அடங்கும் என்பதை உறுதியாகச் சொல்வேன். எவ்வளவில் அடங்கும் என்பது தெரியாது."

டேவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அவர் சிவாவைப் பார்த்தார். பெட்டி சிவாவுடையது, வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பேச்சு அத்தோடு முடிந்துவிடும். சிவா மேசையைப் பார்த்துக்கொண்டே, "செய்து பார்க்கலாம். ஆனால் பெட்டியை நான்தான் இயக்குவேன்" என்றார். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது நன்றி சொல்லப் போனேன். "நன்றியெல்லாம் வேண்டாங்க," என்றார். "தப்பாப் போச்சுன்னா எல்லார் முன்னாடியும் சொல்லுவேன்."

"சொல்லுங்க," என்றேன்.

டெக்சாஸ் தொழிற்சாலையில் அந்தப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் கரோல். சிரிக்க மாட்டார், கத்தவும் மாட்டார். நிறுத்தி வைத்திருந்த இயந்திரங்களில் ஒன்றையும், வீணானால் பாதகமில்லாத சில வேஃபர்களையும் கொடுத்தார். தூசு உள்ளே போகாமலிருக்கத் தலை முதல் கால் வரை வெள்ளை உடை போட்டுக்கொண்டு உள்ளே போவதற்கு முன், அங்கிருந்த வெள்ளைப் பலகையில் இரண்டு கோடு வரைந்தேன். இந்தப் பக்கம் விலக்கினால் துடிப்பு அடங்கும், அந்தப் பக்கம் விலக்கினால் பெரிதாகும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நடந்தால் என் மாடலைத் தூக்கிப் போட்டுவிட்டு, சிவாவின் புதிய மென்பொருளைப் போடுங்கள் என்றேன்.

கெட்ட பக்கத்தை முதலில் சோதிக்கச் சொன்னேன். கரோலுக்குப் புரியவில்லை. நல்லதாகப் போகும் என்று நீங்கள் நினைப்பதை ஏன் முதலில் செய்யக் கூடாது என்று கேட்டார். நல்ல பக்கம் முதலில் பலித்துவிட்டால் எல்லாரும் கைதட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள், மறுபக்கத்தை யாரும் பார்க்க மாட்டார்கள் என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, தொடங்குங்கள் என்று கையைக் காட்டினார்.

சிவா விசைப்பலகையில் கையை வைத்தார். திரையில் திரும்பி வரும் மின்திறன் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்துக்காகத்தான் அவர் வாழ்நாள் முழுவதும் உழைத்திருந்தார்.

"வேணும்னே தப்பா ட்யூன் பண்றது இதான் முதல் தடவைங்க," என்றார் மெல்ல.

எண் மேலே ஏறியது. ஒளியை அளக்கும் கருவியின் கோடு அகன்றது, இன்னும் அகன்றது. பிறகு உலோக அறையின் சன்னலில் தெரிந்த ஊதா ஒளி ஒரேயடியாக அணைந்துபோனது. மறுபடி பற்றவைத்தார்கள். சிவா இப்போது எதிர்ப்பக்கம் விலக்கினார். கோடு கொஞ்சம் சுருங்கியது. இன்னும் கொஞ்சம். அப்புறம் ரூல் வைத்துப் போட்டதுபோல நேராகிவிட்டது.

நான் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைந்த விலகலிலேயே அடங்கிவிட்டது. என் எண் தவறு, பக்கம் சரி. அதையும் அங்கேயே சொன்னேன். சிவா நாற்காலியில் சாய்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் தோற்றவரின் சாயல் இல்லை. புதிதாக ஏதோ ஒன்றைப் பார்த்த மனிதரின் முகம்.

நான் சொல்ல வந்த கதை இனிமேல்தான் இருக்கிறது. மாடல் பலிப்பது எல்லாருக்கும் எப்போதாவது நடப்பதுதான்.

வேஃபர்களை அளந்து பார்த்துவிட்டு எல்லாரும் கூட்ட அறையில் உட்கார்ந்தோம். டேவ் திரையில் இருந்தார். கரோல் நேராகக் கேட்டார்: "பூஜ்யத்திலிருந்து விலக்கி வைப்பதுதான் மருந்து என்றால், இந்த விலையுயர்ந்த பெட்டி எனக்கு எதற்கு? பழைய மோட்டார் பெட்டியை அதே இடத்தில் நிறுத்தி வைத்துவிடலாமே?"

சிவா உடனே பதில் சொன்னார். ஓட ஓட அறையின் சுவரில் படிவு சேரும், சரியான இடம் நகர்ந்துகொண்டே போகும். மோட்டார் பெட்டியால் அதைத் தொடர்ந்து பிடிக்க முடியாது. தன் பெட்டியால் முடியும் என்றார். பூஜ்யத்தைத் துரத்துவதற்குப் பதிலாக, விலகிய அந்த இடத்தைத் துரத்தும்படி மாற்றி எழுதினால் போதும்.

நல்ல யோசனை. அப்போதே அந்த நாற்காலியிலேயே தோன்றிய யோசனை. கரோல் என் பக்கம் திரும்பினார். "உங்கள் மாடலும் இதைத்தான் சொல்கிறதா?"

அன்று பிற்பகல் முழுவதும் நான் சொன்னது நடந்திருந்தது. நான் தலையை ஆட்டியிருந்தால் போதும், கரோல் நம்பியிருப்பார். சிவா என்னைப் பார்த்தார். திரையில் டேவும் பார்த்தார். அது சரியாக இருக்கும் என்றுதான் எனக்கும் பட்டது. ஆனால் நான் அதைக் கணக்கிட்டிருக்கவில்லை.

"தெரியாது," என்றேன். "பெட்டி நகரும் இடத்தைத் துரத்துவதை நான் இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை சொல்கிறேன்."

டேவ் குறுக்கே வந்து, அடிப்படையில் நம்பிக்கை இருக்கிறது என்று ஏதோ பூசி மெழுகினார். கரோல் அவரைக் கையமர்த்திவிட்டு, "செவ்வாய்க்கிழமை" என்று மட்டும் சொன்னார்.

காரை சிவா ஓட்டினார். டோல்வேயில் ஏறியதும் கேட்டார்.

"ஒரு யெஸ் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

"அது வொர்க் ஆகும் எஸ்தர். என் பாக்ஸ் எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும். அவங்க கேட்டது என்கிட்ட. எனக்குத் தெரியாதே."

"ஃப்ரெண்டுன்னு நெனச்சேன்." அவ்வளவுதான். என்னை ஹோட்டல் வாசலில் இறக்கிவிட்டுவிட்டு, ஃபிரிஸ்கோவில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்தச் சொல் எனக்கு வலித்தது, மறைக்கப்போவதில்லை. ஆனால் சொன்னது தவறோ என்று நான் ஒரு கணமும் நினைக்கவில்லை. இன்றுவரை நினைக்கவில்லை. நட்புக்காக உதவ வேண்டுமானால் அதற்கு எத்தனையோ வழி இருக்கிறது. அவர் பெண்ணுக்குக் கணக்குச் சொல்லித்தரலாம், அவருக்கு வேலை தேட நாலு பேருக்கு போன் செய்யலாம். என் மாடல் சொல்லாததை அதன் பெயரால் சொல்லி உதவ முடியாது.

சனிக்கிழமை காலை போன் வந்தது. சிவாதான்.

"கெளம்பி வாங்க. இட்லி இருக்கு. வேலையும் இருக்கு."

ஊபர் பிடித்துப் போனேன். ஒன்றைப்போல ஒன்று இருக்கும் புது வீடுகள் கொண்ட தெரு. எண்ணைப் பார்க்காவிட்டால் வேறு வீட்டுக் கதவைத் தட்டிவிடுவோம். தங்கை பிரேமா இட்லியும் வெங்காயச் சட்னியும் வைத்தாள். தட்டை நகர்த்திவிட்டு, சாப்பாட்டு மேசையிலேயே இரண்டு லேப்டாப்பையும் வைத்தோம்.

"உங்க பாக்ஸ் எவ்வளவு லேட்டா ரியாக்ட் பண்ணும்?" என்று கேட்டேன். "ப்ரோஷர்ல இருக்கிற நம்பரைத்தான் போட்டிருக்கேன்."

சிவா காபியைக் கலக்கிக்கொண்டிருந்தார். அப்புறம், "அது பெஸ்ட் கேஸ்," என்றார். "சூடாயிட்டா அத விட ஸ்லோ. உண்மையான நம்பர் நான் தர்றேன்."

அந்த எண்ணைக் கேட்டு யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் என் மாடல் அவருடைய பெட்டிக்கு முழு மதிப்பெண் கொடுத்திருக்கும், எனக்குத் தெரிந்தே இருக்காது. அவர் கொடுத்தார். முந்தின நாள் காரில் சொன்னதற்கு அவர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. எனக்கு அது தேவைப்படவும் இல்லை.

இரண்டு பேரும் நாள் முழுவதும் உட்கார்ந்தோம். என் பக்கச் சமன்பாடு ஒன்றை அவர் தவறு என்றார், நான் இல்லை என்றேன், கடைசியில் பாதி அவர் சொன்னது சரி. அவருடைய துரத்தும் முறையில் ஓர் இடத்தை நான் மாற்றச் சொன்னேன். அவர் மாட்டேன் என்று எழுந்துபோய்விட்டு, திரும்பி வந்து மாற்றினார். கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பிரேமா எங்கள் சத்தத்தைக் கேட்டு நின்றாள்.

"ஏண்ணா, ரெண்டு பேரும் சண்டை போடறீங்களா, வேலை பாக்கறீங்களா?"

"ரெண்டும்தான்," என்றார் சிவா. "ஹனுமான்கிட்ட எங்களுக்கும் சேத்து வேண்டிக்க."

"எஸ்தர் அக்காவுக்கும் சேத்தா?"

"கண்டிப்பா வேண்டிக்கோ பிரேமா," என்றேன். "நாளைக்கு சர்ச்சுல நான் இந்த பாக்ஸுக்கும் சேத்து பிரேயர் பண்ணிடறேன்."

அவள் திரும்பி வருவதற்குள் விடை வந்துவிட்டது. அறைக்குள் வாயு அழுத்தம் குறைவாக இருக்கும்வரை சிவாவின் யோசனை அழகாக வேலை செய்தது. சுவரில் எவ்வளவு படிவு சேர்ந்தாலும் பெட்டி விலகிய இடத்தை விடாமல் பிடித்தது; மோட்டார் பெட்டியால் நினைத்தே பார்க்க முடியாத வேலை. திருகை எங்கே வைத்தாலும் அது மாறவில்லை.

"பிரஷரை ஏத்துங்க," என்றார்.

ஏற்றினேன். ஓரளவு வரை நின்றது. அதற்கு மேல் ஏற்ற இறக்கம் பெட்டியைவிட வேகமாகிவிட்டது. அவர் கொடுத்த உண்மையான தாமதத்தில் அது நிற்கவில்லை. ப்ரோஷரில் இருந்த எண்ணைப் போட்டுப் பார்த்தேன். நின்றது. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"கரோல் ஓட்டற வேலைகள்ல ஹை பிரஷர்ல ஓடறது எவ்வளவு இருக்கு?"

"கிட்டத்தட்ட பாதி."

எழுந்து போய் சமையலறைக் குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்தார். சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"அப்ப அதையும் சொல்லிருவோம்," என்றார். "நான் சொல்றேன். நீங்க சொல்ல வேண்டாம்."

செவ்வாய்க்கிழமை சிவாதான் பேசினார். முதலில் எங்கே பெட்டி தாங்கும் என்று காட்டினார். அடுத்த நிமிடமே எங்கே தாங்காது என்றும் காட்டினார். ப்ரோஷரில் இருக்கும் எண் சூடான பெட்டிக்குப் பொருந்தாது என்பதையும் சொன்னார். திரையில் டேவ் நெற்றியைப் பிடித்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. கரோல் இரண்டு பக்கத்தையும் அன்றே இயந்திரத்தில் சோதித்துப் பார்க்கச் சொன்னார். தாங்கும் என்ற இடத்தில் தாங்கியது. தாங்காது என்ற இடத்தில் துடித்தது. எல்லை மட்டும் நாங்கள் சொன்னதிலிருந்து சற்றுத் தள்ளி இருந்தது.

கரோல் அழுத்தம் குறைந்த வேலைகளுக்கெல்லாம் சிவாவின் பெட்டியை வைத்துக்கொண்டார். மற்றவற்றுக்கு, நிதானமாகத் திரும்புவதால் துடிப்பைப் பெரிதாக்காத பழைய மோட்டார் பெட்டிகள் திரும்பப் போயின. எங்கள் நிறுவனத்துக்கு அது பாதி வெற்றி. டேவ் அதைப் பாதித் தோல்வி என்றார். சிவாவின் குழுவைச் சுருக்கினார்கள். இரண்டு பேர் வேறு குழுவுக்குப் போனார்கள். சிவாவை வேலையிலிருந்து எடுக்கவில்லை, கரோல் அவரைத் தவிர வேறு யாரிடமும் பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். அந்த ஊதா ஒளி எந்தப் பக்கம் போகும் என்று தெரியாமல் நின்ற பிற்பகலில் பெட்டியை இயக்கியது அவர். தன் பெட்டி எங்கே தாங்காது என்று எழுந்து நின்று சொன்னதும் அவர். அப்படிப்பட்ட ஒருவரை வாடிக்கையாளர் லேசில் விடுவதில்லை.

அவருக்கு கிரீன் கார்டு வந்ததா என்று கேட்பீர்கள். அவர் பெண் கல்லூரியில் சேர்ந்த பிறகு வந்தது. கொள்ளு ரசத்தோடு விருந்து வைத்தார்.

அதற்கெல்லாம் முன்னால், டெக்சாஸிலிருந்து திரும்பிய சில மாதங்களில், ஒரு நாள் காலை என் அறைக் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார். கையில் லேப்டாப். அடுத்த பெட்டிக்கான வடிவமைப்பு. அதுவரை அவர் எந்த வடிவமைப்பையும், செய்து முடித்து, சோதித்து, பளபளவென்று ஆன பிறகுதான் வெளியே காட்டியிருக்கிறார். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இது எந்த இடத்துல உடையும்னு காட்டுங்க எஸ்தர்," என்றார். "இன்னும் ஒரு ஸ்க்ரூகூட ஆர்டர் பண்ணலை."